அழுக்கு இல்லை

இதை எழுதலாமா என்று மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்று நிபந்தனை போட்டான். பெயர் போடக் கூடாது, போட்டோ போடக் கூடாது, தலைப்பில் 'குண்டு' என்ற வார்த்தை வரக் கூடாது. மூன்றுக்கும் சரி என்றேன். உள்ளே வந்தால் பரவாயில்லையா என்று கேட்டதற்கு, "அது வராம எப்படிப்பா எழுதுவீங்க" என்றான்.

போன வருஷம் தை மாதம் நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்பும்போது, இவ்வளவு தூரம் வந்துவிட்டு சுசீந்திரம் போகாமல் எப்படி என்று அம்மா சொன்னதால், எதிர்த்திசையாக இருந்தாலும் பரவாயில்லை என்று காரைத் திருப்பினோம். தாணுமாலயன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், அந்தப் பக்கத்துப் பல கோயில்களில் அதுதான் வழக்கம். நான் வாசலிலேயே சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பையன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்."

செருப்பைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருந்தார். டோக்கன்கூட வாங்கியாகிவிட்டது. அதைச் சொன்னேன். "இல்ல, இருக்கட்டும்" என்றான். தட்டினால் சத்தம் வரும் தூண்கள் அங்கே இருக்கின்றன, 18 அடி ஆஞ்சநேயர் இருக்கிறார் என்று காரில் வரும்போது அவனே போனில் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். இப்போது வரமாட்டேன் என்கிறான். வெயில், கூட்டம், பட்டுவேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற கவலை எல்லாம் சேர்ந்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயிலுக்குள்ள வரமாட்டேங்கிற அளவுக்கு அப்படி என்னல திமிரு?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டு உள்ளே போனேன். பிரகாரத்தில் மனைவியிடம், "பெரியாரப் படிக்க ஆரம்பிச்சிட்டான் போல" என்று வேறு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பந்தியில் நடந்ததை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர், நல்ல மனிதர், எங்கள் கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை பார்த்தவர். பையன் இரண்டாவது முறை அவியல் கேட்டபோது எதிர் வரிசையிலிருந்து, "என்னல மக்கா, ஒங்க தெருவு ரேஷன் அரிசி பூரா ஒங்க வீட்டுக்குத்தான் வருதோ?" என்றார். இலை இலையாகச் சிரிப்பு பரவியது. நானும் சிரித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன், நானும் சிரித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசையில் சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு வேட்டிக்கு மேல் தொப்பை மடிந்து கிடந்தது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பந்தியில் ஐந்து பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர். ஆனால் கேலி மட்டும் எப்போதும் பதினாலு வயசுப் பையனின் இலைக்குத்தான் போகிறது. பெரியவர்களுக்குத் தொப்பை வந்தால் அது வசதி, பதவி, வயசு.

கல்யாணத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து பையனின் சாப்பாட்டு டப்பா ரொம்பச் சுத்தமாக வர ஆரம்பித்தது. வழக்கமாக மூடியில் குழம்பு ஒட்டியிருக்கும், ஓரத்தில் கறிவேப்பிலை ஒதுங்கியிருக்கும். இப்போது கழுவித் துடைத்த மாதிரி. ஒரு நாள் மனைவி டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசன வருது" என்றாள். பள்ளிக்கூடத்துக் கை கழுவும் இடத்திலேயே கழுவிக்கொண்டு வருகிறானாம், நல்ல பழக்கம்தானே என்றேன் நான். சாப்பாடு யாருக்குப் போனது என்பது பின்னால்தான் தெரிந்தது. வகுப்பில் மூன்று பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள், மனைவியின் எலுமிச்சை சாதத்துக்கு அங்கே ரசிகர் மன்றமே இருந்திருக்கிறது.

காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் டியூஷனில் ஒன்றுமில்லை, ராத்திரி எங்கள் கண் முன்னால் ஒரு சப்பாத்தி. "டயட்டா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்றான். சந்தோஷப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

மூன்றாவது வாரமோ என்னவோ, ராத்திரி பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அடுக்களையில் விளக்கு போடாமல் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் மத்தியானச் சோற்றுப் பாத்திரம். சூடு பண்ணாத சாம்பாரை அதன்மேல் ஊற்றி, கரண்டிகூட இல்லாமல் கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் எங்கள் அம்மா காப்பிக்கு வைத்திருக்கும் கருப்பட்டி டப்பா திறந்து கிடந்தது. பிரிட்ஜ் வெளிச்சத்தில் முகம் நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்படியே வாயில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இதுதான் ஒன் டயட்டால?" என்றேன்.

என் வாழ்க்கையில் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய வாக்கியங்கள் நிறைய. அதில் இதற்கு முதல் இடம்.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பழைய ஆராய்ச்சி கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம், 1944ன் இறுதியில் தொடங்கியது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேரை, அவர்கள் சம்மதத்தோடுதான், 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எல்லாரும் நல்ல ஆரோக்கியமான, மன உறுதியுள்ள ஆட்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். இன்றைக்கு யூடியூபில் வருகிற டயட் வீடியோக்களில் பாதிக்கு மேல் அதைவிடக் குறைவாகத்தான் சாப்பிடச் சொல்கின்றன. அந்த 36 பேருக்கும் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்து போனார்கள். பிறகு வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்தபோது சிலரால் வயிறு நிரம்பியும் நிறுத்த முடியவில்லை. நன்றாக வளர்ந்த ஆண்களுக்கே இந்தக் கதி. என் பையன் ஒன்பதாம் வகுப்பு. நடுராத்திரிப் பிரிட்ஜ் வெளிச்சத்தில் நான் பார்த்தது திருட்டுத் தீனி இல்லை, உடம்பு தன் பாக்கியை வசூல் பண்ணியது.

சரி, விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், பங்குனி வெயிலில் காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவன் மயங்கி விழுந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து போன். அன்று சாயங்காலமே ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். பையன் என்னைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே ஒரு பனியன். அதற்குள்ளே இன்னொரு பனியன், இரண்டு சைஸ் சின்னது, ஐந்தாம் வகுப்பில் வாங்கியதாக இருக்கும், தையல் விட்டுப்போய், உடம்போடு இறுக்கி ஒட்டியிருந்தது. அக்குள் ஓரத்தில் சிவப்பாகத் தடம் பதிந்து வேர்க்குரு. எங்கள் ஊர் வெயிலில், இரண்டு பனியன் போட்டு, மேலே யூனிஃபார்ம் போட்டு, மார்பு துருத்திக்கொண்டு தெரியக் கூடாது என்று எத்தனை மாதமாக நடந்திருக்கிறான் என்று தெரியவில்லை. சுசீந்திரம் கோயில் வாசல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டரம்மா அதைப் பார்த்து ஒன்றும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இந்த வயசுல பாதிப் பசங்களுக்கு மார்பு கொஞ்சம் புடைச்சுத்தான் இருக்கும்பா, ஒல்லியா இருக்கிற பையனுக்குக்கூட வரும். ஹார்மோன். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானாப் போயிரும். ஒனக்குக் கொஞ்சம் கொழுப்பும் சேந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். பாதிப் பசங்களுக்கு! அந்தத் தகவல் தெரியாமல் ஒரு பையன் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்திருக்கிறான்.

அப்புறம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பிடரியிலும் கழுத்தைச் சுற்றியும் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி, மடிப்பு மடிப்பாக இருக்கும். எங்களுக்கு அது ரொம்ப நாள் தலைவலி. என் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, பயத்தமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு, பீர்க்கங்கூட்டால் தேய்ப்பாள். தோல் சிவக்கும், கறுப்பு போகாது. "ஒழுங்காக் குளிக்கத் தெரியாதா, கழுத்துல எவ்ளோ அழுக்கு" என்று நான் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒருமுறை நானே தேய்த்து அவன் அழுதிருக்கிறான்.

"இது அழுக்கு இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு தேச்சாலும் போகாது."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். எடை ஏறும்போது, அதுவும் சர்க்கரை நோய் ஓடுகிற குடும்பங்களில், உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை. அதனால் கணையம் இன்னும் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. ரத்தத்தில் கூடிப்போன அந்த இன்சுலின், கழுத்து, அக்குள் மாதிரி மடிப்புகளில் தோல் செல்களைத் தூண்டிவிட்டுத் தடிக்க வைக்கிறது, கறுக்க வைக்கிறது. என் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே சர்க்கரை. இவன் ரத்தச் சர்க்கரை இப்போதைக்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, முதல் நிலை. பதினாலு வயசில். உடம்பு கழுத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் பீர்க்கங்கூடு போட்டு அழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இப்படிக் கழுத்து உள்ள பிள்ளை இருந்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், பெண் பிள்ளையாக இருந்தால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் பதிவில் உபதேசம் என்று இருந்தால் இது ஒன்றுதான்.

அன்றைக்கு எடை 72 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். நான் காத்திருக்கும்போதே போனில் ஒரு பிஎம்ஐ கணக்குப் போட்டு வைத்திருந்தேன், 28.1, சிவப்பு நிறத்தில் காட்டியது. டாக்டரம்மா அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்கான அளவை வளர்கிற பிள்ளைகளுக்கு அப்படியே போடக் கூடாதாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் வெளியிட்ட வரைபடம் இருக்கிறது, 5 வயதிலிருந்து 18 வரை, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. வயதுக்கு நேராகப் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். வைத்தார். பையனின் புள்ளி மேல் கோட்டையும் தாண்டித்தான் இருந்தது, அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. "குறைக்கவே வேண்டாம். இனிமே வேகமா ஏறாமப் பாத்துக்கிட்டா போதும். இவனுக்கு இன்னும் உயரம் பாக்கி இருக்கு. உயரம் ஏற ஏற இந்தப் புள்ளி தானாக் கீழ வரும்."

பிஎம்ஐ கதையே சுவாரசியமானது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற கணக்கைக் கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லை. 1830களில் பெல்ஜியத்தில் இருந்த அடால்ப் கெட்லே என்கிற வானியல், புள்ளியியல் ஆள். அவருக்குக் குண்டு, ஒல்லி பற்றியெல்லாம் அக்கறை இல்லை, சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். அதற்கு இன்றைய பெயரை வைத்துப் பிரபலமாக்கியது 1972ல். யார் தெரியுமா? 36 பேரைப் பட்டினி போட்ட அதே ஆன்செல் கீஸ்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, காரணம் அந்த இரண்டு பனியன். நானும் இரண்டு பனியன் போட்டவன். 1995ல், பதினாறு வயதில், ஆள் கொஞ்சம் சதைப்பிடிப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. என் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது, 'ஓமக்குச்சி' என்றால்தான் தெரியும். தமிழ் சினிமாவில் ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம் என்று உடம்பே பெயருக்கு முன்னால் இனிஷியலாக ஒட்டிக்கொண்ட காலம் அது. திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கலர் லைட் சுற்றும் எடை மிஷின் ஒன்று இருந்தது, காசு போட்டால் சின்ன அட்டை விழும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். என் அட்டையில் 41. ஜோசியம் நல்லதாகத்தான் இருந்தது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று அம்மா தினம் ஓர் எள்ளுருண்டை, பச்சை முட்டை, நேந்திரம்பழம். கிணற்றில் குளிக்கப் போனால் எல்லாரும் போன பிறகுதான் பனியனைக் கழற்றுவேன். இதையெல்லாம் பட்டவன்தான் பந்தியில் சிரித்தேன். ஆள் மாறிப்போனால் வலி மறந்துபோகும் போலிருக்கிறது.

அம்மாவைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வளர்ந்தவள். அவளுக்குப் பிள்ளை என்றால் கன்னம் உப்பியிருக்க வேண்டும், விலா எலும்பு தெரிந்தால் அது வீட்டுக்கு அவமானம். அவள் பயம் பொய்யும் இல்லை. 2016-18ல் நாடு முழுக்க எடுத்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் வயதுக்கு மீறிய ஒல்லி, 5 சதவீதம் பேர்தான் அதிக எடை. ஒரே வகுப்பில் பசித்த பிள்ளையும் பிதுங்கிய பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், என் பையனின் எலுமிச்சை சாதம் கை மாறியதுபோல. ஆனாலும் அம்மா செய்வதைக் கேளுங்கள். "எய்யா, இளச்சிட்டியே ராசா, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று போட்டுவிட்டு, அவன் எழுந்து போனதும் என்னிடம், "பிள்ளைக்கு ஒடம்பு போட்டுக்கிட்டே போகுதே, பாத்தியா" என்பாள். கரண்டிக்கும் வாய்க்கும் சம்பந்தமே கிடையாது.

டாக்டரிடம் போய்வந்த பிறகு கொள்ளு ரசத்துக்கு மாறினாள். இரண்டு மாதம் தினமும் கொள்ளு. கொள்ளு நல்ல பயறு, புரதம் உண்டு, அவ்வளவுதான். அது யார் கொழுப்பையும் கரைத்ததாக நான் பார்க்கவில்லை. சிறுதானியமும் அப்படித்தான். தினைப் பாயசத்திலும் வெல்லம் வெல்லம்தானே.

ஒரு பக்கம் வீட்டு வாய்கள் என்றால் இன்னொரு பக்கம் போன். அவன் பார்த்த வீடியோக்களை எல்லாம் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்து நாளில் பத்து கிலோ. வயிற்றில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடு (இதையும் செய்திருக்கிறான், மொட்டை மாடியில்). சிக்ஸ் பேக் வயிறு வைத்த ஓர் அண்ணன், சட்டையில்லாமல், "ஒன்னால முடியலன்னா ஒனக்கு ஆசையே இல்லன்னு அர்த்தம்" என்கிறார். இது ஒன்றும் புதுசு இல்லை. பிஜித் தீவில் 1995ல்தான் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அங்கேயும் நம்மூர் மாதிரிதான், நன்றாகப் பூசினாற்போல் இருப்பதுதான் அழகு. ஆன் பெக்கர் என்கிற ஆராய்ச்சியாளர் அந்த வருஷம் அங்கே பள்ளிப் பெண்களிடம் கேட்டார், எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றே வருஷம் கழித்து 1998ல் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒரு டிவி பெட்டி, மூன்று வருஷம். என் பையன் கையில் இருப்பது பெட்டிகூட இல்லை, படுக்கும்போதும் கூடவே படுக்கிறது. 2025 மார்ச்சில் கேரளத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்து இறந்துபோனாள் என்று பேப்பரில் வந்தது. பையன் மயங்கி விழுந்த சமயம் அது. அந்தப் பேப்பரை நான் எடுத்து ஒளித்து வைத்தேன். யாரிடமிருந்து என்று தெரியவில்லை.

வீட்டில் என்ன மாற்றினோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, பாதி தோல்வி. அவனுக்கென்று தனிச் சாப்பாடு என்பதை நிறுத்தினோம், வீட்டுக்கே ஒரே சாப்பாடு. வளரும் பிள்ளைகளை டயட் போட வைத்தால் சில வருஷத்தில் எடை கூடத்தான் செய்கிறது, பெற்றோர் எடையைப் பற்றிப் பேசாமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே மேல் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமி 2016லேயே சொல்லியிருக்கிறது, எங்கள் டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அதனால் நானும் ராத்திரி புரோட்டா சால்னாவை விட வேண்டியதாயிற்று. இது எவ்வளவு பெரிய தியாகம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் உண்டு, எல்லாருக்கும் உண்டு.

அவனுடைய நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு டியூஷன், ஒன்பதுக்குப் பள்ளிக்கூடம், நாலரைக்கு முடிந்தால் ஐந்தரைக்கு அடுத்த டியூஷன், எட்டரைக்கு வீடு. நடுவில் டியூஷன் வாசல் பேக்கரியில் ஒரு முட்டை பஃப்ஸ், ஒரு சின்ன பாட்டில் கோலா. 250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை, குறைந்தது ஐந்து டீஸ்பூன். நம் வீட்டுக் காப்பியில் யாராவது ஐந்து டீஸ்பூன் போட்டால் கையைத் தட்டிவிடுவோம். வாரத்தில் இரண்டு பிடி பீரியட், இரண்டையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியிருந்தார், ஜூனிலிருந்து திருப்பித் தரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பக்கத்திலிருந்த இன்னொரு அப்பா, "சார், அடுத்த வருஷம் டென்த், ஞாபகம் இருக்கட்டும்" என்று என்னைத்தான் அடக்கினார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் அந்தத் தாளில் எங்குமே இல்லை. குண்டானதற்கு அவனைத் திட்டினோம், அட்டவணை போட்டது நாங்கள்.

காலை டியூஷனை நிறுத்தினோம். சாயங்கால டியூஷனுக்கு சைக்கிள், இரண்டரை கிலோமீட்டர், மனைவிக்கு லாரி பயம், இன்னும் தீரவில்லை. பாலில் கலக்கும் பவுடரை நிறுத்தினோம், 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளிடம் இதையெல்லாம் 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைக்காதீர்கள் என்று சொன்னது, அது தெரிந்தும் ஒரு வருஷம் வாங்கினோம். பஃப்ஸ் நிற்கவில்லை. கோலா பாதி நின்றது. ஆசைப்பட்டு வாங்கிய டிஜிட்டல் எடை மிஷினில் காலையில் ஒரு தடவை, பாத்ரூம் போய்வந்து ஒரு தடவை, குளித்து ஒரு தடவை ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு அதைப் பரணில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா பார்ப்பார், போதும்.

போன முறை பார்த்தபோது உயரம் 166, எடை 73. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளிறியிருக்கிறது, முழுசாகப் போகவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தேய்ப்பை விட்டுவிட்டாள், கை மட்டும் பரபரக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைக்குப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாக இருந்தது. அவன் டீ-ஷர்ட்டோடுதான் இறங்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. முங்கி முங்கி அந்தப் பக்கம் போனான், முதுகில் டீ-ஷர்ட்டுக்குள் காற்று புகுந்து பலூன் மாதிரி மிதந்தது. ஒன்றரை மணி நேரம் ஏறவே இல்லை.

படித்துறையில் அதே மாமா. நாகர்கோவில் பந்தி மாமா. ரேஷன் அரிசிக்கு என்ன பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏல, நல்லா இளச்சிட்டியே! இப்பத்தான் ஆள் மாதிரி இருக்க" என்று முதுகில் தட்டினார். பையன் முகம் மலர்ந்துபோனது. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டினால் தடுக்கலாம், பாராட்டினால் எப்படித் தடுப்பது? அப்படியானால் இதுவரை ஆள் மாதிரி இல்லையா மாமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

திரும்பும் வழியில் டவுனில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். பையனுக்கு இரண்டு இட்லி வைத்தார்கள். மூன்றாவது வைக்க வந்தவரிடம் இலைமேல் கையை விரித்துக் காட்டி, போதும் என்றான்.

"ஏம்ப்பா?"

"பசிக்கல."

ஒன்றரை மணி நேரம் ஆற்றில் கிடந்தவனுக்குப் பசிக்காதா? பேசாமல் எனக்கு இன்னொரு வடை சொன்னேன். வடை வந்தது. சாம்பார் வாளி வந்தது, போனது. கொஞ்ச நேரம் கழித்து என் இலைக்குக் குறுக்கே அவன் கை வந்து வடையில் பாதியைப் பிய்த்தது. எவ்வளவு எடுத்தான் என்று பார்க்காமல் இருக்க, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.